ஹுவாவே இ3372 டாங்கிள்: வேகத்தை விடுங்கள், நெட் அறுபடாமல் வருகிறதா?

ஃபைபர் வந்துவிட்ட ஊர்க்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம், நேரம் வீண். ஏர்ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் இது தேவைப்படாது. "உங்க ஏரியாவுக்கு இன்னும் லைன் வரலை சார், வந்ததும் சொல்றோம்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஆபீஸ் மீட்டிங்கை ஓட்டுகிறவர்கள், தோட்டத்து வீட்டில் ஒரு கேமராவாவது மாட்ட முடியுமா என்று யோசிக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் இருப்பது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மேற்கே மலை, சுற்றிலும் தென்னந்தோப்பு, டவர் கொஞ்சம் தள்ளித்தான். வீட்டு நெட் முழுவதும் ஹுவாவே இ3372எச்-607 என்ற யுஎஸ்பி டாங்கிளில், அதாவது சிம்மைப் போட்டு லேப்டாப்பிலோ ரவுட்டரிலோ செருகினால் 4ஜி நெட் தரும் சின்னக் கருவியில் ஓடுகிறது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வாங்கிச் செருகினால் தானாக நன்றாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் அந்த வாலில் இருக்கும் எண். இ3372 என்பது ஒரு டாங்கிள் இல்லை, ஒரு குடும்பம். வெளித் தோற்றம் ஒன்றேதான், ஆனால் -153 என்று முடிவது ஐரோப்பாவுக்காகச் செய்தது, -607 என்று முடிவது நம் பக்கத்து நெட்வொர்க்குகளுக்குப் பொருந்துவது. -153இல் 4ஜி பேண்டுகள், அதாவது அது பிடிக்கும் அலைவரிசைகளின் எண்கள், 1, 3, 7, 8, 20. நம் நாட்டில் ஜியோவும் ஏர்டெல்லும் நிறைய ஓட்டுகிற பேண்டு 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், அதில் கிடையாது. -607இல் 1, 3, 7, 8, 28, 40 இருக்கின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் "அன்லாக்டு, ஆல் சிம் சப்போர்ட்" என்ற வரியை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் "செம மட்டம், வேகமே இல்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கே ஆன்லைனில் ஒரு கடைக்காரர் -607 என்று படம் போட்டுவிட்டு -153ஐ அனுப்பினார். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் முழுதாக இருக்கும், அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். பழசு வாங்குகிறவர்கள் அதே ஸ்டிக்கரில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். திருட்டுப் பொருளாக முடக்கி வைத்ததா என்று தெரிந்துவிடும்.

-607லும் ஒரு குறை உண்டு, பேண்டு 5 இல்லை. ஜியோவின் 850 மெகாஹெர்ட்ஸ் அதுதான். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவதில் அந்த மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான் கெட்டி. அதனால் உங்கள் போனில் ஜியோ நாலு கட்டை காட்டுகிறது என்பதற்காக டாங்கிளிலும் காட்டும் என்று நினைக்காதீர்கள். போன் ஒருவேளை பேண்டு 5இல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், டாங்கிளுக்கு அந்த வழியே கிடையாது. வாங்குவதற்கு முன்னால் போனில் நெட்வொர்க் விவரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, வீட்டில் எந்தெந்த பேண்டு எட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. 3ஓ 40ஓ கிடைத்தால் வாங்கலாம். 5 மட்டும்தான் என்றால் வேறு பொருள் பாருங்கள், அல்லது வேறு சிம்.

இப்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 150 எம்பிபிஎஸ். இது கேட்டகரி 4 என்ற வேக வகுப்பைச் சேர்ந்த மோடம், அந்த 150 என்பது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதும் உங்களுக்கே கிடைத்து, சிக்னல் பளிச்சென்று இருந்து, டவரில் வேறு ஆளே இல்லாதபோது வரக்கூடிய கணக்கு. 10 மெகாஹெர்ட்ஸ்தான் ஓடுகிறது என்றால் உச்சமே 75. இதில் கேரியர் அக்ரிகேஷனும் கிடையாது, அதாவது இரண்டு பேண்டுகளைச் சேர்த்து இழுக்கத் தெரியாது. கொஞ்சம் நல்ல போன்கள் எல்லாமே அதைச் செய்யும். அதனால் ஒரே இடத்தில் ஒரே சிம்மைப் போட்டு வேகத்தை அளந்தால் போன்தான் ஜெயிக்கும், அதில் சண்டைக்கு இடமில்லை. பிறகு எதற்கு டாங்கிள்? போன் நம்மோடு வெளியே போய்விடும், வீட்டில் இருப்பவர்களுக்கு நெட் இருக்காது. நாள் முழுக்க சார்ஜில் போட்டு ஹாட்ஸ்பாட் ஓட்டினால் பேட்டரி உப்பிக்கொள்ளும். டாங்கிளில் பேட்டரியே இல்லை. இதையெல்லாம் விட முக்கியமான காரணம், டாங்கிளை அதற்குப் பிடித்த இடத்தில் வைக்கலாம், நமக்குப் பிடித்த இடத்தில் நாம் உட்காரலாம்.

அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை. கட்டைகளைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. டாங்கிளைச் செருகியதும் பிரவுசரில் 192.168.8.1 என்று போட்டால் அதன் பக்கம் திறக்கும். அதில் சாதன விவரம் காட்டும் பகுதியில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. மைனஸ் 80 என்றால் பிரமாதம், மைனஸ் 100 என்றால் ஓட்டலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் தகராறுதான். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்த சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது. 20க்கு மேல் இருந்தால் மோடம் முழுத் திறமையையும் காட்டும், பத்துப் பன்னிரண்டு என்றால் வீட்டுக்குப் போதும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் பக்கம் திறப்பதே பெரிய விஷயம். திருவிழா மைதானத்தில் மைக் செட் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிற மாதிரிதான், எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் சுற்றி இருக்கும் சத்தம் அதைவிட அதிகமென்றால் காதில் ஒன்றும் விழாது. இதனால்தான் ஐந்து கட்டை காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இரண்டு கட்டை காட்டும் இன்னொரு மூலையில் பிரமாதமாக ஓடுகிறது. நான் எப்போதும் எஸ்ஐஎன்ஆரைத்தான் முதலில் பார்ப்பேன்.

லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், எண் நிதானப்பட நேரம் எடுக்கும். இந்த அளவெல்லாம் டெசிபல் கணக்கு, மூன்று கூடினால் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு. அதனால் மேஜையிலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தினதில் பத்து கூடினால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் ஹாலில் மைனஸ் 108, மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் ஜன்னலில் மைனஸ் 93. தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் போச்சு. இரும்பு கிரில்லை ஒட்டி வைப்பதையும் தவிர்க்கலாம். சாரல் சீசனில் தென்னை மட்டைகள் நனைந்து கிடக்கும்போது எண்கள் கொஞ்சம் இறங்குவதையும் பார்க்கிறேன், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, மரத்தையா வெட்ட முடியும்.

ஜன்னலில் டாங்கிள், மேஜையில் ரவுட்டர், நடுவில் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். நெட் அடிக்கடி அறுந்துபோகிறது என்று புலம்புகிற பலருக்கும் பிரச்சினை இந்தக் கேபிளில்தான் இருக்கும், சொன்னால் நம்ப மாட்டார்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லிஆம்ப். டாங்கிள் டவருக்கு அனுப்பும்போதுதான் அதிகக் கரண்ட் இழுக்கும், அதிலும் டவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு பலமாகக் கத்தியாக வேண்டும், உச்சத்தில் 200 மில்லிவாட் வரை போகும். அப்போது கேபிளில் இருக்கும் செம்பு நூல் மாதிரி மெல்லிசாக இருந்தால் வோல்ட் இறங்கிவிடும், டாங்கிள் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். யோசித்துப் பாருங்கள், யூடியூப் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது, வீடியோ காலில் நாம் பேச ஆரம்பித்த உடனே அறுந்துபோகும். எல்லோரும் நெட்வொர்க்கைத் திட்டுவார்கள், ஆனால் காரணம் மலிவான கேபிள். கனமான, இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாத கேபிள் ஒன்றை வாங்குங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக மின்சாரம் எடுக்கும் ஹப் வைத்துக்கொள்ளலாம். ராஸ்பெர்ரி பை, சின்ன ரவுட்டர் இதிலெல்லாம் செருகுகிறவர்களுக்கும் அந்த ஹப் நல்லதுதான்.

இன்னொரு விஷயம், லேப்டாப்பில் செருகினால் நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டை விட்டுவிட்டு கறுப்பு போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறது. பேண்டு 40 ஓடுவது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை, பக்கத்து வீடு. பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் இன்னும் மோசம். டாங்கிளை ஓர் அடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வெளி அன்டெனா பற்றி நிறையக் கேட்கிறார்கள். இ3372இல் பக்கவாட்டில் வெளி அன்டெனாவின் ஒயரைச் செருக இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, சிஆர்சி9 என்ற வகை. பல டாங்கிள்களில் இது இருக்காது, அந்த வகையில் இது ஒரு நல்ல அம்சம். ஆனால் ஒரு அன்டெனாவை மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். 4ஜி இரண்டு அன்டெனாவை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு ஓடையாக இழுக்கும், அதனால் இரண்டு கேபிள் வரும் பேனல் அன்டெனாதான் வாங்க வேண்டும். "35 டிபிஐ" என்று (அன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டித் தரும் என்பதன் அளவு) எழுதி, கூடவே ஐந்து மீட்டர் மெல்லிய ஒயருடன் சில நூறு ரூபாய்க்கு விற்பதெல்லாம் ஏமாற்று. கையளவு பிளாஸ்டிக் பட்டையில் அந்த அளவு சிக்னல் கூடாது, கூடிய கொஞ்சமும் அந்த ஐந்து மீட்டர் ஒயரிலேயே கரைந்துவிடும். சிக்னலை ஒயரில் கொண்டுவருவதை விட டாங்கிளையே சிக்னல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது உத்தமம். யுஎஸ்பியில் போவது டிஜிட்டல், வழியில் கரையாது. முதலில் ஜன்னலும் கேபிளும், அதிலும் போதவில்லை என்றால் அன்டெனா. அந்த சிஆர்சி9 முனை ரொம்ப மென்மையானது, அழுத்தித் திருகாதீர்கள்.

பேண்டைப் பூட்டி வைப்பதுதான், அதாவது நாம் சொல்லும் பேண்டில் மட்டுமே டாங்கிள் ஓடும்படி செய்வதுதான் எனக்கு அதிகம் உதவிய விஷயம். டாங்கிள் தன்னிஷ்டத்துக்கு 3க்கும் 40க்கும் தாவிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வரும். பேண்டு 40இல் டவுன்லோடு அள்ளும், ஆனால் அது டிடிடி, ஒரே அலைவரிசையில் போவதும் வருவதும் மாறிமாறி நடக்கும், அதில் அப்லோடுக்கு ஒதுக்குவது சின்னப் பங்குதான். பேண்டு 3இல் அப்லோடுக்குத் தனிப்பாதை. வீடியோ கால், ஃபைல் ஏற்றுவது இதெல்லாம் பேண்டு 3இல் நிதானமாகப் போகிறது, ராத்திரி எல்லோரும் வீட்டுக்கு வந்து ரீல்ஸ் தள்ளும் நேரத்தில் எது சும்மா இருக்கிறதோ அதுக்கு மாற்றிக்கொள்ளலாம். டாங்கிளின் சொந்தப் பக்கத்தில் இதற்கு வழி தெரியாவிட்டால் கவலை வேண்டாம், ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஹுவாவே மோடம்களைக் கட்டுப்படுத்தும் ஆப்கள் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு, பேண்டைப் பூட்ட டாங்கிளுக்குக் கொடுக்க வேண்டிய எண்கள்: பேண்டு 3க்கு 4, பேண்டு 40க்கு 8000000000, இரண்டும் வேண்டுமென்றால் 8000000004, எல்லாம் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள்.

டாங்கிளின் சொந்தப் பக்கத்தில் நெட்வொர்க் முறையை ஆட்டோவில் விடாமல் 4ஜி மட்டும் என்று வையுங்கள். ஏர்டெல் 3ஜியை 2020லேயே மூடிவிட்டது, சிக்னல் தடுமாறும்போது ஆட்டோவில் இருந்தால் நேராக 2ஜிக்கு விழுந்து அங்கேயே கிடக்கும். சிம் ஸ்லாட் பழைய பெரிய அளவு, இப்போது வரும் நானோ சிம்முக்கு அடாப்டர் வேண்டும், நல்ல அடாப்டராகப் பார்த்துப் போடுங்கள், ஆடினால் "சிம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் மெசேஜும் ஓடிபியும் அந்தப் பக்கத்திலேயே எஸ்எம்எஸ் பகுதியில் வந்து விழும்.

விண்டோஸில் நேரடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இந்த டாங்கிள் ஹைலிங்க் முறையில், அதாவது தானே ஒரு குட்டி ரவுட்டர் மாதிரி ஓடுவதால் விண்டோஸ் இதை ஈதர்நெட் ஒயர் என்றே நினைத்துக்கொள்ளும், அளவில்லாத நெட் என்று நம்பி ராவோடு ராவாக அப்டேட்டை இறக்கி அன்றைய 2 ஜிபியைக் காலி செய்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஈதர்நெட்டுக்குள் போய் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். அடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் விண்டோஸே டாங்கிளைத் தூங்க வைத்துவிடும். லினக்ஸில் இந்தத் தொல்லை குறைவு, செருகினால் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

நான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட்ட ஒரு பழைய ரவுட்டரில்தான் செருகி வைத்திருக்கிறேன். அதில் வாட்ச்கேட் என்று ஒன்று உண்டு, பிங் (நெட் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்னச் சோதனை) போகவில்லை என்றால் இணைப்பைத் தானே மறுபடி எழுப்பும் அல்லது ரவுட்டரையே ரீஸ்டார்ட் செய்யும். நெட்வொர்க்காரர்கள் எப்போதாவது இணைப்பைக் கத்தரித்து புது ஐபி கொடுக்கத்தான் செய்வார்கள், அப்போது நாம் எழுந்துபோய் டாங்கிளைப் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை. ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் நெட் இருக்கும், ஃபைபர் வைத்திருக்கும் நண்பர்கள் பலருக்கு இல்லாத வசதி.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகை டாங்கிள் எல்லாமே தொடர்ந்து ஓடினால் சூடாகும், தொட்டால் கை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு. சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் வேகம் குறைவதும் தானே அணைவதும் நடக்கும். காற்று படும் நிழலில் தொங்க விடுங்கள், அலமாரிக்குள் அடைக்காதீர்கள்.

ஆன்லைனில் பெயரில்லாத வெள்ளை டாங்கிள்கள், உள்ளேயே வைஃபையுடன், மலிவாக வருகின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது பழைய ஸ்மார்ட்போன்களில் வந்த ஸ்னாப்டிராகன் 410 சிப், அதன் மேல் ஆண்ட்ராய்டு. பேண்டு 5 கூட இருக்கும் என்பது அவற்றின் நல்ல பக்கம். அன்டெனா சுமார், வெளி அன்டெனா ஓட்டை பெரும்பாலும் கிடையாது, பாஸ்வேர்டு அட்மின் அட்மின் என்றே வரும், அப்டேட் என்பது கனவு. காரில் வைக்க, பயணத்துக்கு எடுத்துப்போக ஓகே. வீட்டின் ஒரே இணைப்பாக நான் அதை நம்ப மாட்டேன்.

பிளான் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. "அன்லிமிடெட் 5ஜி" என்று விற்கும் பிளானைப் போட்டுவிட்டு டாங்கிளில் செருகினால் அந்த அன்லிமிடெட் உங்களுக்குக் கிடையாது, இது 4ஜி கருவி, தினசரி 2 ஜிபியோ 2.5 ஜிபியோ அவ்வளவுதான், முடிந்ததும் 64 கேபிபிஎஸ். வீட்டில் இரண்டு பேர் வீடியோ பார்த்தாலே மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கேமரா வைக்கிறவர்களுக்கு இன்னொன்று: மொபைல் நெட்டில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி வராது, நெட்வொர்க்காரர் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார், அதற்கு மேல் டாங்கிளும் தன் பங்குக்கு ஒரு நேட் போடுகிறது, அதாவது இதே மாதிரி இன்னொரு முறை முகவரியை மாற்றுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது ரவுட்டரில் கேமராவுக்கு நேர்வழி திறந்து, வெளியிலிருந்து பார்ப்பது நடக்காது. கம்பெனி சர்வர் வழியாக ஆப்பில் பார்க்கும் கேமராவாக வாங்குங்கள், அது ஓடும்.

விலை நிலையாக இல்லை, புதுசா பழசா என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது, புதுச் சரக்கு கிடைப்பதும் சிரமமாகிக்கொண்டே வருகிறது. ஆனால் -607 நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள் என்பேன், அதற்கு பிஎஸ்என்எல் ஒரு காரணம். அவர்களின் புதிய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது, அதாவது பேண்டு 28, அது -607இல் இருக்கிறது, -153இல் இல்லை. மலையடிவாரத்திலும் தோப்புக்குள்ளும் தூரமாகப் போகிற அலைவரிசை அதுதான். உங்கள் ஊர் பிஎஸ்என்எல் டவர் 4ஜிக்கு மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டு ஒரு சிம்மைப் போட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் ஏபிஎன் (டாங்கிளின் பக்கத்தில் கொடுக்க வேண்டிய இணைப்புப் பெயர்) பிஎஸ்என்எல்நெட், முறை 4ஜி மட்டும், பூட்ட வேண்டிய எண் 8000000.